48 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு

வீட்டாய்வு முடிந்து, பதிவு எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, வருடக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் ஐந்து வயதைத் தாண்டிய ஒரு குழந்தையின் படமும் அறிக்கையும் வந்து சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும்,



மாவட்டத்தில் தத்தெடுப்பு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தும்போது, ஏற்கெனவே பிள்ளை எடுத்த எங்களைப் போன்றவர்களை இரண்டு வார்த்தை பேசக் கூப்பிடுவார்கள். கூட்டத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை. முடிந்து டீயும் வடையும் கொடுக்கும் நேரத்தில்தான், அநேகமாக மனைவி மட்டும், ஓரமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார். "அறிக்கையில கோபம் அதிகம், பொருள எடுத்துடுற பழக்கம் உண்டுன்னு போட்டிருக்குதுங்க அக்கா. எடுக்கலாமுங்களா?" டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. ஒவ்வொரு முறையும் பாதி சொல்லிவிட்டு, திரும்பி வரும் பஸ்ஸில் மீதியை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருவேன். அந்த மீதிதான் இது.

நான் எடுத்தவள். அதனால் என் பேச்சு ஒரு பக்கம் சாயும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

2019-ல் எங்கள் இருவர் வயதையும் கூட்டினால் 92. இந்தக் கூட்டல் உங்களுக்கும் தலைகீழ்ப் பாடமாகத்தான் இருக்கும். தம்பதியின் மொத்த வயது 90-ஐத் தாண்டிவிட்டால் நான்கு வயதுக்குக் கீழே குழந்தை கிடையாது என்பது அன்றைய விதி. 2022 விதிகளில் இன்னும் இறுகிவிட்டது; 85-ஐத் தாண்டினாலே இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை இல்லை. பெரிய பையனை எடுத்தார்கள், பெரிய மனசு என்று ஊரில் சொல்கிறார்கள். மனசெல்லாம் இல்லை, கூட்டல்தான். பன்னிரண்டு வருடம் ஈரோட்டுக்கும் கோவைக்கும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததில் வயது போய்விட்டது.

அவனுக்கு அப்போது ஏழு. இப்போது பதினான்கைத் தொடப்போகிறான். இந்த மடலை அவனிடம் படிக்கக் கொடுத்தேன். பென்சிலை எடுத்து இரண்டு பத்தியை அடித்தான். அவை இரண்டும் இங்கே இல்லை. மொய்க் கவர் விஷயத்தையும் அடித்துவிடுவான் என்று நினைத்தேன். "அது இருக்கட்டும், ஊருக்கே தெரியும்" என்றான்.

உங்களுக்கு இருப்பது 48 மணி நேரம். அதற்குள் குழந்தையை உங்களுக்கென்று ஒதுக்கி வைக்கச் சொல்கிறீர்களா இல்லையா என்று பதில் தந்தாக வேண்டும். ஒதுக்கிய பிறகு நேரில் போய்ப் பார்த்து, ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய 30 நாள் வரை இருக்கிறது. நாங்கள் செய்த முதல் தப்பு, அந்த 48 மணி நேரத்தைப் படத்தைப் பார்ப்பதிலேயே கழித்தது. தலையைப் படிய வாரி, விபூதிக் கீற்று வைத்து, அளவு பெரிதான சட்டையில் நிற்க வைத்திருந்தார்கள். படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தோம். அறிக்கையை இரண்டு முறைதான் படித்தோம். உயரம், எடை, தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. "எல்லோரிடமும் கலகலப்பாகப் பழகுவான். சில சமயம் பிடிவாதம்." அதற்குக் கீழே ஒரு வரி: முன்பு ஒரு குடும்பத்தில் சேர்க்கப்பட்டு, ஒத்துவராததால் நான்கு மாதத்தில் திரும்பியுள்ளான்.

அந்த வரியைப் படித்ததும் எங்களுக்கு வந்தது கோபம். இப்படியும் ஆட்கள் இருப்பார்களா என்று முகம் தெரியாத அந்தத் தம்பதியைத் திட்டினோம். திட்டத் திட்ட நாங்கள் நல்லவர்களாகிக்கொண்டே போனோம். அந்த மிதப்பில், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டோம். ஏன் ஒத்துவரவில்லை? இவன் என்ன செய்தான், அவர்கள் என்ன செய்தார்கள்? திரும்பி வந்த அன்று ராத்திரி சாப்பிட்டானா?

நீங்கள் கேளுங்கள். எத்தனை இடம் மாறினான் என்று கேளுங்கள். திட்டினால் அழுவானா, சிரிப்பானா, ஓடிப்போவானா என்று கேளுங்கள். மருத்துவ அறிக்கையை உங்களுக்குத் தெரிந்த டாக்டரிடம் காட்டிக் கேட்க விதியிலேயே இடம் இருக்கிறது, கூச்சப்பட வேண்டியதில்லை. முக்கியமாக, விடுதிக் கண்காணிப்பாளரின் மேசைக்கு முன்னால் கேட்பதோடு நிறுத்தாமல், ராத்திரி ஷிப்ட் பார்க்கும் ஆயம்மாவைத் தேடிப் பிடியுங்கள். எங்களுக்கு அவரே வந்து சொன்னார். கிளம்பும்போது, கேட் பக்கத்தில், யார் காதிலும் விழாமல்: "லைட்ட அணைச்சா எந்திரிச்சு உக்காந்துக்குவான். மெரட்டாதீங்க. போர்வைய கால்மாட்டுல மடிச்சு உள்ள தள்ளி வுட்டா படுத்துக்குவான்." அறிக்கை முழுக்கத் தேடினாலும் அந்தப் போர்வை கிடைக்காது. இன்றைக்கும் அவன் அப்படித்தான் படுக்கிறான்.

'கலகலப்பாகப் பழகுவான்' என்ற வரிக்கு வருகிறேன். வந்த புதிதில் அவனைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது, "என்னமா ஒட்டிக்கறான்!" பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் மடியில் ஏறிக்கொண்டான். காய்காரம்மாவை அம்மா என்றான். சிலிண்டர் போட வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டான். என் மாமியார் பூரித்துப்போனார். எனக்கும் பெருமைதான். எல்லோரையும் அம்மா என்று கூப்பிடும் பிள்ளைக்கு, அம்மா என்று தனியாக ஒருத்தி கிடையாது என்பது எனக்கு உறைக்க ஒரு வருடம் ஆனது.

தூக்கம் வராத ராத்திரிகளில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1989-ல் ருமேனியாவில் சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசு விடுதிகளில் கிடந்தது வெளியே தெரிந்தது. அங்கிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப் போன 165 பிள்ளைகளை மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் அவர்கள் பெரியவர்களாகும் வரை விடாமல் கவனித்தார்கள். ஆறு மாத வயதுக்குள் வெளியே வந்துவிட்டவர்கள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேலும் விடுதியில் இருந்தவர்கள் பலரிடம் சில குணங்கள் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. முன்பின் தெரியாதவரோடு கிளம்பிவிடுவது அதில் ஒன்று. கவனம் ஓரிடத்தில் நிற்காதது இன்னொன்று. அவர்களிலும் ஐந்தில் ஒருவர் எந்தத் தொல்லையும் இல்லாமலே வளர்ந்தார் என்பதையும் அதே ஆய்வுதான் சொல்கிறது. ஏனென்று முழுசாக யாருக்கும் பிடிபடவில்லை. நான் அந்த ஐந்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சில மாதம் ஓட்டினேன். பிறகு, என் பிள்ளை மீதி நான்கில் ஒருவன் என்று ஒப்புக்கொண்டபோதுதான் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

மாமியார் இதையே இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்: "எந்த ரத்தமோ." ரத்தம் இல்லை அத்தை, கை என்பேன். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கை மாறும் இடத்தில் வளர்ந்தவன். ஆயம்மாக்களை நான் குறை சொல்லவில்லை. ஒருத்தர் இடுப்பில் எத்தனை பிள்ளை தாங்கும்? தத்து என்றாலே எல்லோரும் 2002-ல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தை எடுப்பார்கள். அந்தச் சிறுமிக்கு உண்மையைச் சொல்வதுதான் அதில் பெரிய விஷயம். ஏழு வயதில் வருகிற பிள்ளையிடம் அந்தச் சிக்கலே கிடையாது. அவனுக்கு எல்லாம் தெரியும். தெரியாதது நமக்குத்தான்.

முதல் இரண்டு மாதம் அவன் எங்கள் வீட்டில் விருந்தாளியாக இருந்தான். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவான். துணியை மடித்து மூலையில் அடுக்குவான். முன்னால் திருப்பி அனுப்பினார்களே, அவர்களுக்குப் பைத்தியமா என்று பேசிக்கொண்டோம். மூன்றாவது மாதத்தில் விருந்தாளி போய் பிள்ளை வந்தான். கணவரின் செருப்புக்குள் சிறுநீர் கழித்தான். நான் குளிக்கப் போனால் கதவை உதைத்துக்கொண்டே இருந்தான், நான் உள்ளேயே காணாமல் போய்விடுவேன் என்பதுபோல. பொய் சொன்னான், பிடிபட்ட பிறகும் அதே பொய்யைச் சொன்னான். 'நீ ஒண்ணும் எங்கம்மா இல்ல' என்பதைத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி, ஜன்னல் பக்கம் போய் நின்று சொன்னான். பிற்பாடு கோவையில் நாங்கள் பார்த்த மனநல மருத்துவர், "நம்பிக்கை வர ஆரம்பிச்சிருக்கு, அதான் சோதிக்கிறான்" என்றார். ஆறுதலாக இருந்தது, வீடு வந்து சேரும் வரை.

பள்ளியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தனியார் பள்ளி. கூடப் படித்த பையனின் கையைக் கடித்துவிட்டான். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் நீக்கக் கூடாது என்று 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதனால் அவர்கள் நீக்கவில்லை. "நீங்களே டி.சி. வாங்கிக்கிட்டா உங்களுக்கும் மரியாதைங்க மேடம்" என்றார்கள். வாங்கிக்கொண்டோம். பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தோம். அங்கே ஒரு டீச்சர் மணி அடிக்கும் வேலையை அவனிடம் கொடுத்தார். அவன் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டது அதற்காகத்தான்.

மொய்க் கவருக்கு வருவோம். 2020 பிப்ரவரி. என் கொழுந்தனார் மகளுக்குச் சீர். மண்டபத்தில், மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் அவனை உட்கார வைத்திருந்தார்கள், சமர்த்தாக இருக்கிறான் என்று. மூன்றாவது பந்தி ஓடிக்கொண்டிருந்தது. எழுதுகிறவர் கூட்டிப் பார்த்து இரண்டு கவர் குறைகிறது என்றார். நோட்டில் ஊரும் பேரும் இருந்ததால் யாருடைய கவர் என்பதும் உடனே தெரிந்துவிட்டது. யாரோ ஒரு மாமா அவன் சட்டையைத் தூக்கினார். டவுசர் பட்டிக்குள் இரண்டும் இருந்தன. ஒன்றில் 501, இன்னொன்றில் 1,001. இலையில் கை வைத்தவர்கள் அப்படியே நிறுத்திப் பார்த்தார்கள். ரசம் ஊற்ற வந்த பையன் வாளியோடு நின்றுவிட்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. என் நாத்தனார் மட்டும், பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி நான் அவனை அடித்தேன். கவர் எடுத்ததற்காக அடிக்கவில்லை. அந்தக் கைப்பைக்காக அடித்தேன்.

அவன் அழவில்லை. உள்ளே போனான். விடுதியிலிருந்து கொண்டுவந்த மஞ்சப்பையில் தன் துணிகளை மடித்து அடுக்கி எடுத்து வந்து, வாசல்படியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். "இப்பவா, காலைலயா?" என்று கேட்டான்.

நீதிமன்ற ஆணை எங்களுக்கு அப்போது இன்னும் வரவில்லை. (2022 செப்டம்பரிலிருந்து ஆணை கொடுப்பது மாவட்ட ஆட்சியர், எங்கள் காலத்தில் நீதிமன்றம்.) தத்துக்கு முந்தைய பராமரிப்பு என்ற பெயரில்தான் அவன் எங்களிடம் இருந்தான். அதாவது, அன்றைக்கு அவனைத் திருப்பிக் கொடுக்க முடியும். அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை என்று எழுத ஆசைதான். பேசினோம். ராத்திரி இரண்டு மணி வரை பேசினோம். முன்னால் திட்டித் தீர்த்தோமே அந்தத் தம்பதி, அவர்களை அன்று ராத்திரி எனக்குத் திட்டத் தோன்றவில்லை. அவர்களும் இப்படி ஒரு சமையலறையில், இப்படி ஒரு மஞ்சப்பையைப் பார்த்துக்கொண்டு, மெதுவான குரலில் பேசியிருப்பார்கள்.

கடைசியில் என் கணவர் எழுந்து போய், வாசலிலேயே தூங்கிப் போயிருந்தவனைத் தட்டி எழுப்பி, "பையக் கொண்டுபோய் உள்ள வை. காலைல பாலுக்கு நீதான் கூட வர்ற" என்றார். அவ்வளவுதான் நடந்தது. பாசம் பொங்கியதாக எனக்கு நினைவில்லை. தூக்கம்தான் கண்ணைச் சுழற்றியது. காலையில் இரண்டு பேரும் தூக்குப்போசியோடு போனார்கள், வந்தார்கள்.

ஏன் எடுத்தான் என்பது அவனுக்கே இன்றுவரை தெரியாது. தோண்டித் தோண்டிக் கேட்பதை நிறுத்தச் சொல்லிவிட்டார் மருத்துவர்.

டீ ஆறுவதற்குள் நான் சொல்ல முடியாமல் போவது இதைத்தான். எடுக்கலாமா என்று யோசிக்கும்போது பிள்ளையை எடை போடுகிறோம்: எவ்வளவு கோபம், எத்தனை பொய், குணமாகுமா, எத்தனை நாளில். தராசில் ஏற வேண்டியது வேறு. உங்களுக்கு எவ்வளவு அவமானம் தாங்கும்? சேட்டையைத் தாங்கிவிடலாம், ராத்திரி முழுக்க முழித்திருந்தும் பழகிவிடும். நாலு பேர் பார்வைக்குப் பழகுவது அப்படி இல்லை. பெற்ற பிள்ளை எடுத்தால் கைச்சேட்டை, தத்துப் பிள்ளை எடுத்தால் ரத்தம். இப்படித் தீர்ப்பு எழுதும் ஊரில்தான் நீங்களும் நானும் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போய்வர வேண்டும்.

2017 முதல் 2019 வரை தத்துக்குப் போன 6,650 பிள்ளைகளில் 278 பேர் திரும்பி வந்ததாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு மத்திய தத்தெடுப்பு ஆணையம் பதில் தந்தது. நூற்றுக்கு நான்கு பேர். பெரிய பிள்ளைகள்தான் அதிகம் திரும்புகிறார்கள். அப்படித் திருப்பிக் கொடுத்த ஒரு அம்மாவோடு ஒருமுறை பேசியிருக்கிறேன். அரை மணி நேரம் பேசியதில், அந்தப் பெண்குழந்தை என்ன செய்தாள் என்று அவர் சொல்லவே இல்லை. அபார்ட்மெண்டில் லிப்டுக்கு நிற்கும்போது மற்றவர்கள் எப்படி விலகி நின்றார்கள் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டிலும் அந்த ராத்திரி வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

அதனால், வேண்டாம் என்று இப்போது சொல்வதில் பாவம் எதுவும் இல்லை. படத்தைப் பார்த்துவிட்டோமே, மறுத்தால் தெய்வக் குத்தம் ஆகிவிடுமோ என்று ஒரு தங்கை என்னிடம் அழுதார். அந்தக் குழந்தைக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் இன்றைக்கு வேண்டாம் என்றால் அவனுக்கு எதுவும் போகவில்லை. நான்கு மாதம் கழித்துச் சொன்னால்தான் மஞ்சப்பை.

வீட்டில் அவனைவிடச் சின்னதாக, தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாத குழந்தை இருந்தால் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். புண்ணியம் தேடி எடுப்பதாக இருந்தாலும் வேண்டாம். புண்ணியத்துக்குச் செய்கிறவர்கள் நன்றியை எதிர்பார்ப்பார்கள். அது எட்டு வயதுப் பிள்ளையிடம் இருக்காது, இருக்கவும் கூடாது. கடைசி முயற்சியும் கலைந்துபோய், ஆஸ்பத்திரிப் பையை இன்னும் பரண்மேல் ஏற்றாமல் வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அழ வேண்டியதை அழுது முடித்துவிட்டு வாருங்கள். பிறக்காத பிள்ளையின் சட்டையை இந்தப் பிள்ளைக்குப் போட்டால் எங்கேயாவது பிடிக்கும்.

நான் அதிகம் பயப்படுவது "அவர் சரின்னு சொல்லிட்டாருங்க" என்று சொல்லும் தங்கைகளைப் பார்த்துத்தான். சரி என்பதில் பல வகை உண்டு. ஹோட்டலில் நீ என்ன சாப்பிடுகிறாயோ அதுவே எனக்கும் என்கிற சரி ஒன்று. இவளோடு சண்டை போட முடியாது என்கிற சரி இன்னொன்று. முதல் கண்ணாடி உடைந்ததும் அந்தச் சரி, "நான் அப்பவே சொன்னேன்" என்று திரும்பி நிற்கும். அந்த ஒரு வாக்கியத்தைத் தாங்கி எழுந்த வீட்டை நான் பார்த்ததில்லை. அதனால் கோயிலுக்குப் போய்வந்த நல்ல மனநிலையில் முடிவெடுக்காதீர்கள். மாமியாருக்குச் சுகர் ஏறி, ஆபீசில் ஆடிட் நடந்து, மாவும் புளித்துப்போன ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பாருங்கள். அன்றைக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தால் யார் போவது? இருவரில் ஒருவர் வாயிலிருந்து 'நான் போறேன்' என்பது யோசிக்காமல் வருகிறதா? இதைச் சத்தமாகப் பேசிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இதைப் பேசாமலே எடுத்தோம். எங்கள் அதிர்ஷ்டம், என் கணவர் பாலுக்குக் கூட்டிப்போகிற ஆள்.

எடுப்பது என்று முடிவானால் இரண்டு விஷயம். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தத்து நிறுவனத்திலிருந்து பார்க்க வருவார்கள். முதல் தடவை வந்தபோது நாங்கள் வீட்டை மெழுகித் துடைத்து, அவனுக்குப் புதுச்சட்டை போட்டு, கேசரி கிண்டி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினோம். பெண் பார்க்க வந்தவர்களை அனுப்புகிற மாதிரி. அதில் ஆறு மாதம் வீணானது. இரண்டாம் தடவை உடைந்த கதவைக் காட்டினேன். அந்தச் சமூகப் பணியாளர்தான் கோவை மருத்துவரிடம் அனுப்பினார். அது மட்டும் இல்லாவிட்டால் இந்த மடலை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். இரண்டாவது, மருத்துவம். பஸ்ஸில் போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம், மாதம் இரண்டு சனிக்கிழமை, மூன்று வருடம். அந்தச் சனிக்கிழமைகள் உங்களிடம் உண்டா என்று முன்பே பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கென்றே தனித் துறை இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு யாரிடமாவது பேசியாக வேண்டும் என்றால் 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. நான் பேசியிருக்கிறேன், எதிர்முனையில் தமிழில் பேசினார்கள்.

சாப்பாட்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் அவன் கோபித்துக்கொள்வான், அதைத்தான் அவன் சிரித்துக்கொண்டே படித்தான். வந்த முதல் வாரத்திலிருந்தே தலையணை உறைக்குள் இட்லி வைத்திருந்தான். எங்களுக்கு எறும்புதான் காட்டிக்கொடுத்தது. கேட்டால் இல்லை என்றான், கையில் இட்லியை வைத்துக்கொண்டே. ஊரடங்கு வந்து, கடை இருக்காது என்று டிவியில் சொல்லச் சொல்ல, பீரோவுக்குப் பின்னால் சாதமே கிடைக்க ஆரம்பித்தது. திட்டிப் பார்த்தோம், எடுத்துக் கொட்டிப் பார்த்தோம். பிறகு மருத்துவர் சொன்னபடி ஒரு எவர்சில்வர் டப்பாவை அவன் தலைமாட்டில் வைத்தோம். அதில் எப்போதும் முறுக்கோ கடலை உருண்டையோ இருக்கும். எடுத்தாயா, தின்றாயா என்று யாரும் கேட்கக் கூடாது; காலியானால் பேசாமல் நிரப்ப வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. என் மாமியாருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. படுக்கையில் பண்டமா என்று முணுமுணுத்துக்கொண்டே, முறுக்கு சுட்டுப் போட்டவரும் அவர்தான்.

ஒரு வருடத்துக்கும் மேலாக நாள் தவறாமல் நிரப்பினேன். 2021 நவம்பரில் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தார்கள். அந்த வாரம் ஒரு நாள் டப்பாவைத் திறந்தால், முந்தின வாரம் போட்ட முறுக்கு அப்படியே நமுத்துப்போய்க் கிடந்தது. மறந்துவிட்டான். அதே மாதத்தில்தான், யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்து, "பேரென்ன தம்பி?" என்றபோது, ஒன்பது வயதுப் பையன் என் பின்னால் ஓடிவந்து சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ரொம்பக் கூச்சப்படறானே" என்று வந்தவர் குறைப்பட்டுக்கொண்டார். அவருக்குக் காபி கலக்கப் போன நான் அடுப்படியிலிருந்து வெளியே வர நேரமாகிவிட்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போன மாதம்கூட ஒரு கதவுக்குக் கொண்டி மாற்றினோம். நாத்தனார் இன்னும் எங்கள் வீட்டுக்கு வரும்போது கைப்பையை மடியில்தான் வைத்துக்கொள்கிறார். அவன் அதைப் பார்க்கிறான் என்பது எனக்குத் தெரியும்.

உங்கள் 48 மணி நேரத்தில் பயண நேரம் போக மிச்சம் இருந்தால் ஒருமுறை கோபிப் பக்கம் வாருங்கள். கூட்டங்களுக்கு எங்களைக் கூப்பிடுகிற மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அவனுக்குக் கிரிக்கெட். வந்தால் அவனிடம் எதுவும் கேட்காதீர்கள். பிடித்திருந்தால் அவனே வந்து உட்காருவான்; பிடிக்காவிட்டால் மொட்டை மாடிக்குப் போய்விடுவான். போய்விட்டால் நாம் பேசிக்கொண்டிருக்கலாம், காபி போடுகிறேன்.

அன்புடன்,
கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா